சிகாமணி வீட்டுச் சுவர்

குளத்தூர் தாலுகா கச்சேரியில் முப்பத்தொரு வருஷம் பேனா ஓட்டி, ஹெட் குமாஸ்தாவாக ஓய்வுபெற்ற வெள்ளைச்சாமிக்கு ஊரறிய இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று மீசை. மற்றது வீட்டு ஹால் சுவர். மீசையைச் சீவ வேண்டுமென்றால் சுவரின் முன்னால் போய் நிற்பார். கண்ணாடி தேவையில்லை. அப்படி ஒரு பளபளப்பு. ரங்கூனுக்கே குடிபோய்விட்ட ஒரு வியாபாரியிடமிருந்து வீட்டை வாங்கியபோதே சுவர் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஐந்து வருஷம் அதைப் பார்த்து மீசை சீவிய பிறகு, அந்தப் பளபளப்பில் தமக்கும் ஏதோ பங்கு இருப்பதாக அவர் நம்பத் தொடங்கியிருந்தார்.

ஓய்வுபெற்ற மறு வருஷம் வயிறு மக்கர் செய்தது. திருச்சியில் ஒரு டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "கறி, மீன், முட்டை மூன்றையும் விட்டுவிடுங்கள்" என்றார். வயிற்றுக் கோளாறுக்காக விட்டேன் என்று ஒரு ஹெட் குமாஸ்தா ஊரில் சொல்ல முடியுமா? உயிர்களிடத்தில் அன்பு பிறந்துவிட்டது என்று சொன்னார். சொன்ன பிறகு அந்த அன்புக்கு ஒரு சபை தேவைப்பட்டது. சென்னையில் இருந்த அகண்ட சீவரட்சண சபைக்கு எழுதிப்போட்டு, அதன் குளத்தூர்க் கிளையைத் தம் ஹாலிலேயே திறந்தார். அங்கத்தினர் பதினொரு பேர். அதில் ஏழு பேர் வெள்ளிக்கிழமைச் சுண்டலுக்காகச் சேர்ந்தவர்கள்.

அவர் மனைவி அமிர்தவல்லிக்கு வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் அவளுடைய சமையல்கட்டு ஒரே நாளில் சீவகாருண்யத்துக்கு வந்துவிட்டது. அவளை யாரும் கேட்கவில்லை. சபைத் தீர்மானத்தின் நகல் ஒன்றை அடுப்புக்கு மேலே ஒட்டினார்கள்.

கூட்டத்துக்குக் கூட்டம் வெள்ளைச்சாமி சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியால் அதை இரண்டு தட்டுத் தட்டி ஆரம்பிப்பார்.

"இந்தச் சுவரைப் பாருங்க. இதுக்கு யாராச்சும் கறி போட்டாங்களா, மீன் போட்டாங்களா? சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம். சுத்த சைவம். அதனாலதான் இம்புட்டு மினுமினுப்பு. சைவம் சாப்பிடுற மனுசன் தோலும் இப்படித்தான் ஆகும்."

அங்கத்தினர்கள் சுவரைப் பார்ப்பார்கள். பிறகு, இரண்டு வருஷமாகச் சைவம் சாப்பிடும் வெள்ளைச்சாமியின் தோலைப் பார்ப்பார்கள். பிறகு சுண்டல் வரும்.

1938 தை மாதக் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. சபைத் தலைவரும் முன்னாள் வக்கீலுமான தங்கமுத்து அவர்கள் மாசி பன்னிரண்டாம் தேதி நேரில் வருவார். வெள்ளைச்சாமியின் இல்லத்தை உள்ளும் புறமும் பார்வையிடுவார். திருப்தி ஏற்படின், அந்த ஹாலிலேயே 'சீவரட்சண சிகாமணி' என்ற பட்டம் வழங்குவார். திருப்தி ஏற்படாவிட்டால் என்ன என்பதைக் கடிதம் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் கடிதம் எழுதியவருக்கு அதைச் சொல்லவும் வேண்டியதில்லை.

பட்டம் என்றால் வெள்ளைச்சாமிக்குச் சும்மா இல்லை. ஊரில் மூன்று பேருக்கு அவர் எழுதிக்கொடுத்த மகஜர்களால் பட்டம் வந்திருக்கிறது. மூன்று பேரும் பட்டம் வந்த மறுநாளிலிருந்து அவரை "என்னப்பா வெள்ளைச்சாமி" என்று கூப்பிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவர் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஒன்றும் ஒட்டவில்லை. இப்போது ஒட்டினால்தான் உண்டு. கடிதத்தை ஒரு நாளைக்கு நாலு தடவை படித்தார். பட்டப் பத்திரத்துக்கு இப்போதே தேக்கில் ஒரு சட்டம் செய்யச் சொன்னார். சட்டம் வந்தது. உள்ளே பத்திரம் இல்லாவிட்டால் என்ன, மாட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டாமா?

வீட்டில் சுத்தியல் இல்லை. அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டார்.

முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது ஆணி தெறித்துப் போய் அமிர்தவல்லியின் ரசப் பாத்திரத்தில் விழுந்தது. மூன்றாவது ஆணிக்குக் குறிவைத்த அடிகளில் ஏழு அடி சுவரில் விழுந்து ஏழு பள்ளம் பறித்தது. எட்டாவது அடி ஆணியில் சரியாக விழுந்தது. ஆணி உள்ளே போன வேகத்தில், ஒரு தோசை அகலத்துக்குக் காரை பெயர்ந்து அவர் காலடியில் விழுந்து நொறுங்கியது. சுவரின் நடுவில் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

அமிர்தவல்லி வந்து பார்த்தாள்.

"பத்திரம் வந்தா இதுக்குள்ளேயே வச்சிரலாம்ங்க. சட்டமே வேண்டியதில்லை."

தலைவர் வருவதற்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

கிணற்றுக்கும் மதகுக்கும் பூசும் கொத்தனார் ராக்கனைக் கூப்பிட்டார்கள். ராக்கன் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தான்.

"அடைச்சிரலாம்ங்க. ஆனா இந்த மினுக்கு என் கைக்கு வராது. மணமேல்குடியில கிபாயத்துல்லா பாய்னு ஒருத்தர் இருக்காரு. இந்த மாதிரி வேலைக்கு அவருதான்."

"பாய் எதுக்கு? இதுல என்ன பெரிய ரகசியம்? சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம். வெல்லம் கூடுனா மினுக்கும் கூடும். நாலு பங்கு போடு."

இரண்டு வருஷமாகச் செய்த பிரசங்கத்தை அவரே நம்பிவிட்டிருந்தார். ராக்கன் கலவையைக் கிளறிக்கொண்டே ஒரே ஒரு தடவை கேட்டான்.

"ஐயா, இது சாந்தா, பாயசமா?"

"பூசுடா."

பூசினான். மறுநாள் காலையில் வெள்ளைச்சாமி மீசை சீவ வந்தபோது, ஓட்டை இருந்த இடம் கறுப்பாக இருந்தது. கிட்டப் போனார். அது நகர்ந்தது. கொல்லை வாசலிலிருந்து ஹால் வரைக்கும் எறும்பு ஒற்றை வரிசையில் வந்துகொண்டிருந்தது.

"மண்ணெண்ணெயத் தொட்டு ஒரு துடை துடைச்சா ஓடிப்போயிரும்ங்க" என்றான் ராக்கன்.

"முடியாது. நாலாம் நம்பர் தீர்மானம் இருக்கு."

"என்ன தீர்மானம்ங்க?"

"எறும்பாதி சிற்றுயிர்களுக்கும் இம்சை கூடாது."

"அது எறும்புக்குத் தெரியுமாங்க?"

வெள்ளைச்சாமி சமையல்கட்டுக்குப் போனார். சர்க்கரை டப்பாவை எடுத்து, சுவரிலிருந்து தெருவாசல் வரைக்கும் தாமே குனிந்து கோடு போட்டார். எறும்புகள் கோட்டைப் பிடித்துத் தெருவுக்குப் போயின. தெருவில் இருந்த சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு அதே கோட்டில் திரும்பி வந்தன. சபையின் காரியதரிசி, ஜவுளிக்கடை நாகராசு, வழியில் எட்டிப் பார்த்துவிட்டு, "எறும்புக்குத் தனியா ஒரு கிளை ஆரம்பிச்சிருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள், வெல்லம் தின்று தீர்ந்த இடத்திலெல்லாம் பொக்கை விழுந்து, பூசியது பொத்தென்று கீழே விழுந்தது.

இன்னும் ஏழு நாள். மணமேல்குடிக்கு ஆள் போனது.

கிபாயத்துல்லா ஐம்பது வயதுக்காரர். ஒரு பானை நிறையக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, பூசுகிற கரணை ஒன்று, உள்ளங்கை அளவில் இரண்டு கூழாங்கல், இவ்வளவோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். சுவரைப் பார்த்தார். விரலை எச்சில் தொட்டு ஒரு தடவு தடவினார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். முகம் மலர்ந்தது.

"அட, இது நம்ம சுவராச்சே."

"என்ன பாய்?"

"நான் போட்டதுதாங்க. இருபது இருபத்தொரு வருசம் இருக்கும். முன்ன இருந்தவுக மக கல்யாணத்துக்கு அவசரமாப் போட்டது. இந்த ஒரு சுவருக்கு மட்டும் ஆயிரத்தி எரநூறு முட்டைங்க."

வெள்ளைச்சாமியின் முதுகு பழக்கத்தில் சுவரின் மேல் சாய்ந்திருந்தது. அது தானாகவே அரை அடி முன்னால் வந்தது.

"எத்தனை?"

"ஆயிரத்தி எரநூறு. அழுகுனதைக் கழிச்சுட்டுத்தான் சொல்றேன். வெள்ளைக்கருவைச் சுண்ணாம்போட சேர்த்து அரைச்சுப் பூசித் தேய்ச்சாத்தான் இந்தப் பளபளப்பு வரும். இல்லாட்டி வெறும் வெள்ளையாத்தான் நிக்கும்."

சமையல்கட்டில் ஏதோ பாத்திரம் உருண்டது. அதைத் தொடர்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பவர்கள் போடும் சத்தம் கேட்டது.

வெள்ளைச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருஷம், நூறு வெள்ளிக்கிழமை, ஆயிரத்து இருநூறு முட்டையில் சாய்ந்துகொண்டு முட்டையைக் கண்டித்திருக்கிறார்.

"மெதுவாப் பேசு பாய். முட்டை இல்லாம இதைச் சரிபண்ண முடியாதா?"

"முடியும்ங்க. பட்டுச் சேலையில கோணித்துணி ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும். பரவாயில்லீங்களா?"

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. தலைவர் உட்காரப்போவது அதற்கு நேர் எதிரே.

"எத்தனை வேணும்?"

"நாப்பது."

"இருபதுல முடிச்சிரேன்."

"ஆணி அடிக்கிறப்பவே பாதியா அடிச்சிருக்கணும்ங்க."

குளத்தூரில் நாற்பது முட்டையை ரகசியமாக வாங்குவது நடக்கிற காரியமில்லை. நாலு முட்டை வாங்கினாலே வீட்டுக்கு யார் விருந்து என்று தெருவில் கேட்பார்கள். அமிர்தவல்லி, தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கோழி வளர்க்கும் உண்ணாமலை மறுநாள் கொல்லை வழியாக ஒரு கூடையோடு வந்தாள். மேலே முருங்கைக் கீரை.

"கீரை இம்புட்டுக் கனமா இருக்கேன்னு ரெண்டு பேரு கேட்டாக ஆத்தா."

"என்ன சொன்னே?"

"சபைக் கீரைன்னேன்."

வேலை தொடங்கியது. கிபாயத்துல்லா முதலில் செய்த காரியம் ஓட்டையைப் பெரிதாக்கியது. உளியை வைத்து ஓரமெல்லாம் தட்டித் தட்டி, ஆடுகிற காரையை ஒன்று விடாமல் கழற்றினார். வெள்ளைச்சாமி பதறிப்போய் வந்தார்.

"இருக்கிற ஓட்டை பத்தாதா?"

"ஒட்டாத இடத்து மேல பூசுனா, உங்க தலைவர் பேசிக்கிட்டு இருக்கறப்ப அவுக மடியில விழும்ங்க. தேவலையா?"

பள்ளம் விழுந்த ஏழு இடத்தையும் சுரண்டிச் சொரசொரப்பாக்கினார். செங்கல் குடிக்கிற மட்டும் தண்ணீர் தெளித்தார். மணல் கலந்த சாந்தை முதலில் உள்ளே அமுக்கி, சுவரின் மட்டத்துக்கு ஒரு நூல் உள்வாங்கி நிறுத்தினார். காய விட்டார். இந்தத் தடவை எறும்பு வரவில்லை. வெள்ளைச்சாமி மட்டும் அரைமணிக்கு ஒரு தடவை வந்து தொட்டுப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் விரல் பதிந்தது. பள்ளம் ஏழிலிருந்து பதினொன்றானது.

"ஐயா, நீங்க கொஞ்ச நேரம் அங்கிட்டு உக்காந்து பேப்பர் படிங்க" என்றார் கிபாயத்துல்லா.

நாலாம் நாள் நாற்பது முட்டையும் உடைந்தன. வெள்ளைக்கரு, வெண்ணெய்போல் அரைத்து வைத்திருந்த சுண்ணாம்பில் சேர்ந்தது. மஞ்சள் கரு நாற்பதும் ஒரு பித்தளைக் குண்டானில் மஞ்சள் நிலாக்களாக மிதந்தன.

வெள்ளைச்சாமி குண்டானைப் பார்த்தார். அதிக நேரம் பார்த்துவிட்டதாகத் தோன்றியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதைக் கொண்டுபோய்க் கொல்லையில புதைச்சிரு."

"கொல்லையிலா? நாய் தோண்டி எடுத்துத் தெருவுல போட்டா?" என்றாள் அமிர்தவல்லி. "நான் பாத்துக்கிறேன். நீங்க சுவரப் பாருங்க."

அவள் பார்த்துக்கொண்டது எப்படி என்பது கொஞ்ச நேரத்தில் தெருவுக்கே தெரிந்தது. சின்ன வெங்காயம் வதங்குகிற வாசம். மேலே மிளகு. அதற்கும் மேலே, இரண்டு வருஷமாக அந்த வீட்டில் எழாத ஒரு வாசம். அது ஜன்னல் வழியாக இறங்கி, கோயில் பக்கம் திரும்பி, ஜவுளிக்கடைக்குள் நுழைந்தது. நாகராசு அளந்துகொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"ஐயா, என்ன வாசம் இது?"

"சுவர் வேலை நடக்குதுல்ல, அந்த வாசம்."

நாகராசு சுவரைப் பார்த்தார். சமையல்கட்டைப் பார்த்தார்.

"அப்படியா? எங்க வீட்டுச் சுவரும் ரொம்ப மோசமாத்தான் கிடக்கு. எனக்கும் ஒரு கரண்டி குடுக்கச் சொல்லுங்க."

அரைமணி நேரத்தில் அங்கத்தினர்களில் ஏழு பேர், தத்தம் வீட்டுச் சுவர் நிலைமையை விசாரிக்க வந்தவர்களாகக் கொல்லை வழியே நுழைந்து, வாயைத் துடைத்துக்கொண்டு அதே வழியே போனார்கள். சுண்டலுக்கு வருகிற அதே ஏழு பேர். வெள்ளைச்சாமி மட்டும் சாப்பிடவில்லை. பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

கிபாயத்துல்லா மேல்பூச்சைப் போட்டு, வியர்க்கிற ஈரத்தைத் துணியால் ஒற்றி ஒற்றி, ஒரு பகலும் மறுநாள் பாதியும் கூழாங்கல்லால் தேய்த்தார். முடித்தபோது ஓட்டை எங்கே இருந்தது என்று வெள்ளைச்சாமியாலேயே சொல்ல முடியவில்லை. பத்திரம் மாட்ட ஒரு மர முளையையும் பாய் சுவரிலேயே பதித்திருந்தார்.

"இனிமே குழவிக்கு வேலை இல்லீங்க" என்றார்.

மாசி பன்னிரண்டாம் தேதி தலைவர் தங்கமுத்து கீரனூர் ஸ்டேஷனில் இறங்கிக் காரில் வந்தார். பெரிய உடம்பு. சரிகை அங்கவஸ்திரம். புதுக்கோட்டையிலிருந்து போட்டோக்காரர் வந்திருந்தார். பதினொரு அங்கத்தினர்களும் நெற்றி நிறைய விபூதியோடு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கிபாயத்துல்லாவுக்குத் தேங்காய் பழம் கொடுத்து அனுப்புவதாகச் சொல்லி அமிர்தவல்லி நிறுத்தி வைத்திருந்தாள். அவர் கதவோரம் நின்றார்.

தலைவர் வீட்டைச் சுற்றிவந்தார். அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்த தீர்மானத்தைப் படித்துத் தலையாட்டினார். ஹாலுக்கு வந்தார். சுவரின் முன்னால் நின்றார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். மீசையையும்.

"இது என்ன மிஸ்டர் வெள்ளைச்சாமி, சுவரா, நிலைக்கண்ணாடியா?"

வெள்ளைச்சாமி சும்மா இருந்திருக்கலாம். ஆனால் கைத்தடி தானாகவே உயர்ந்து இரண்டு தட்டுத் தட்டியது. "சுத்த சைவம்ங்க. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம்" என்று வாய் சொல்லிவிட்டது.

"பிரமாதம். சென்னையில சபைக்குப் புதுக் கட்டடம் எழும்புது. இதே சுவர் அங்கேயும் வேணும். செய்முறையை இப்பவே மினிட்ஸ்ல ஏத்திருவோம். வேலை செஞ்சது யாரு?"

எல்லோரும் கிபாயத்துல்லாவைப் பார்த்தார்கள். கிபாயத்துல்லா வெள்ளைச்சாமியைப் பார்த்தார். வெள்ளைச்சாமி கண்ணாலேயே கும்பிட்டார். கிபாயத்துல்லாவுக்கு அந்தக் கும்பிடு விளங்கவில்லை. இத்தனை பேர் கூடித் தன் வேலையை மெச்சும்போது அதில் ஒன்றைக் குறைத்துச் சொல்ல அவருக்கு என்ன வந்தது?

"கிளிஞ்சல் சுண்ணாம்பு, சலிச்ச மணல், கடுக்காய்த் தண்ணி, வெல்லம் கொஞ்சமா. அப்புறம் முட்டை வெள்ளைக்கரு நாப்பதுங்க. முழுச் சுவருன்னா ஆயிரத்தி எரநூறு."

எழுதிக்கொண்டிருந்த நாகராசின் பேனா நின்றது. வெள்ளைச்சாமி தேக்குச் சட்டத்தைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. இனி அப்படியே இருக்கும் என்று அவருக்குப் பட்டது. என்னப்பா வெள்ளைச்சாமி என்று மூன்று குரல்கள் காதுக்குள் கேட்டன.

தலைவர் யோசித்தார். பத்திரத்தில் பெயரை அச்சடித்தாயிற்று. பொன்னாடை பெட்டியில் இருக்கிறது. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டார். உள்ளே பன்னிரண்டு வகைக் காய்கறியோடு சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. அவர் முப்பது வருஷம் வக்கீலாக இருந்தவர். இதைவிட மோசமான கேஸ்களை ஜெயித்திருக்கிறார். ஆனால் முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"மஞ்சள் கரு என்னாச்சு?"

ஏழு பேர் ஜமக்காளத்தின் பூவேலையைக் கூர்ந்து கவனித்தார்கள்.

"வீணாப் போகலீங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அமிர்தவல்லியின் குரல் வந்தது.

"எப்படிச் செஞ்சீங்க?"

"வெங்காயமும் மிளகும் போட்டுங்க."

தலைவர் மெல்ல எச்சில் விழுங்கினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "காரியதரிசி, எழுதிக்குங்க. அஞ்சாம் நம்பர் தீர்மானம்" என்றார்.

நாகராசு எழுதினார். 'சுவரானது உண்ணும் பிராணி அன்று. ஆகவே சுவரின்பொருட்டு வாங்கப்படும் முட்டை உணவு ஆகாது. மஞ்சள் கருவானது மேற்படி வேலையில் மிஞ்சும் கழிவு. கழிவை அப்புறப்படுத்தும் விதம் அவரவர் சௌகரியம்.' சபையின் சரித்திரத்தில் எந்தத் தீர்மானத்துக்கும் இவ்வளவு வேகமாகக் கைகள் உயர்ந்ததில்லை.

பொன்னாடை விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். அதில் வெள்ளைச்சாமி இரண்டு பேராகத் தெரிகிறார், ஒன்று நேரில், ஒன்று சுவரில். இரண்டு பேரும் திருதிருவென்று விழிக்கிறார்கள். தலைவர் கார் ஏறும்போது கிபாயத்துல்லாவைத் தனியே கூப்பிட்டார்.

"சின்ன ரூம் ஒண்ணு. நானும் சம்சாரமும் மட்டும்தான். வாரத்துக்கு எத்தனை முட்டைக்குச் சுவர் வேலை வரும்?"

அதற்குப் பிறகு குளத்தூரில் சுவர் வேலை பலமாக நடந்தது. உண்ணாமலை கீரையை எடுத்துவிட்டு வெறும் கூடையாகவே கொண்டுவரத் தொடங்கினாள். "சுவருக்கா?" என்று கேட்பாள். "சுவருக்குத்தான்" என்பார்கள். மண் சுவர் வைத்திருந்தவர்களும் அப்படியே சொன்னார்கள். ஒரு சுவரும் மினுங்கியதாகத் தெரியவில்லை.

சிகாமணி வெள்ளைச்சாமி மட்டும் சைவமாகவே இருந்தார். பத்திரம் மர முளையில் தொங்கியது. மூன்று பேரும் அவரை இப்போது "சிகாமணி" என்றே கூப்பிட்டார்கள். என்ன பிரயோசனம்? தீர்மானத்தின்படி சுவரில் வேலை இருந்தால்தான் கழிவு. அவர் வீட்டுச் சுவரில் வேலை இல்லை. பாய் அவ்வளவு நன்றாகச் செய்துவிட்டுப் போயிருந்தார். டாக்டர் சொன்னது இப்போதெல்லாம் அவருக்கு அடிக்கடி மறந்தது. அந்த வாசம் மட்டும் மறக்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம், அரைத்து முடித்த குழவியைக் காணோம் என்று அமிர்தவல்லி ஹாலுக்கு வந்தாள். அவள் புருஷன் பத்திரத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, குழவியும் கையுமாகச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"சட்டம் ஒரு பக்கமாச் சாஞ்சிருக்கு. அதான்."

"அதுக்கு எதுக்குக் குழவி?"

அவர் முளைக்குப் பக்கத்தில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் ஓங்கித் தட்டினார். சுவர் அசையவில்லை.

அமிர்தவல்லி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டே வந்து, அவர் கையைப் பிடித்து ஒரு முழம் தள்ளி வைத்தாள்.

"அது பாய் இப்பப் போட்ட இடம்ங்க. எத்தனை அடிச்சாலும் விடாது. இங்கிட்டு அடிங்க. இது பழசு."